பழைய .38 ரிவால்வர் கட்டுகிறது, சில நேரம் வெடிக்கவில்லை: எங்கிருந்து பார்ப்பது?

கேள்வி சுருக்கமாக: கோலாலம்பூரில் சுடும் கழக உறுப்பினர் ஒருவர், லைசென்ஸோடு ஒரு பழைய ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 10 வாங்கியிருக்கிறார். நாலைந்து முறை நிரப்பிச் சுட்டதும் ட்ரிகர் கனமாகி, சிலிண்டர் சுற்ற மறுக்கிறது. இடையிடையே பிரைமரில் (தோட்டாவின் அடியில், அடி பட்டதும் தீப்பொறி கொடுக்கும் சின்ன மூடி) குழி விழுகிறது, தோட்டா வெடிப்பதில்லை. பாகம் மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்.

பாகம் மாற்றுகிற பேச்சே இப்போது வேண்டாம். இதே ஊரில் ஒரு பாதுகாவல் நிறுவனத்தின் ஆயுத அறையைப் பல வருடம் கவனித்துக்கொண்டவன் நான். காவலர்களின் இடுப்பில் இருக்கும் ரிவால்வர்கள் அதிகம் சுமக்கப்படும், குறைவாகச் சுடப்படும். அவற்றில் வருகிற கோளாறுகளில் தேய்மானம் கடைசியாகத்தான் நிற்கும். முதலில் அழுக்கு, அடுத்தது தளர்ந்த ஸ்க்ரூ, அப்புறம் முன்பு வைத்திருந்தவர் உள்ளே கை வைத்துச் செய்த வேலை. இந்த வரிசையிலேயே தேடுங்கள்.

தொடும் முன்னால் சிலிண்டரைத் திறந்து ஆறு அறைகளையும் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். இனி நான் சொல்கிற சோதனைகள் எல்லாம் காலித் துப்பாக்கியில்தான்.

சரி, முதலில் கட்டுகிற, அதாவது சிலிண்டர் இறுகி நிற்கிற பிரச்சினை. ஆரம்பத்தில் நன்றாகச் சுற்றி, சுடச் சுட இறுகுகிறது என்றால் என் முதல் சந்தேகம் எஜெக்டர் நட்சத்திரத்தின் அடிப்பக்கம். சிலிண்டரின் பின்பக்கத்தில் கூடுகளைத் தள்ளும் நட்சத்திர வடிவப் பாகம் அது. வெற்றுக் கூடுகளை வெளியே தள்ளும்போது எரியாத வெடிமருந்துத் துகள் அதன் கீழே போய் உட்காரும். ஒரு துகள் போதும், நட்சத்திரம் முழுதாக உட்காராமல் தூக்கி நிற்கும். கூடுகளின் அடி பின்பக்கத் தகட்டில் உரசும். எஜெக்டர் ராடை (நட்சத்திரத்தைத் தள்ளும் கம்பி) அழுத்திப் பிடித்துக்கொண்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் நட்சத்திரத்தின் கீழும் அது உட்காரும் குழியிலும் உலர்வாகத் தேயுங்கள். அங்கே எண்ணெய் போடாதீர்கள், அது அடுத்த துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கூடுகளைத் தள்ளும்போது குழல் வானத்தைப் பார்க்கும்படி நிமிர்த்தி, ஒரே அழுத்தாகத் தள்ளினால் துகள் கூடோடு கீழே விழுந்துவிடும். ரேஞ்சில் பலர் குழலைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு தள்ளுகிறார்கள், அங்கேதான் இந்தத் தொல்லை தொடங்குகிறது.

சுத்தம் செய்தும் கட்டினால் எஜெக்டர் ராட். அது மெல்லக் கழன்று நீண்டுவிட்டால் முன்பக்கம் முட்டும், சிலிண்டரைத் திறக்கவே முடியாமலும் போகும். மாடல் 10-இல் 1961 வாக்கில் இந்த மரையை வலதிலிருந்து இடதுக்கு மாற்றினார்கள், சுழற்சியில் தானாகக் கழலக் கூடாது என்பதற்காக. ஆகவே உங்களுடையது எந்தக் காலத்தது என்று தெரியாமல் முறுக்காதீர்கள். முறுக்கும்போது இரண்டு மூன்று அறைகளில் வெற்றுக் கூடுகளைப் போட்டு வையுங்கள், நட்சத்திரத்துக்கு அவை தாங்கல்.

ஆறு அறைகளில் எப்போதும் ஒரே இடத்தில் மட்டும் இறுகுகிறது என்றால் கதை வேறு. சிலிண்டரைத் தாங்கும் கைக்கு யோக் என்று பெயர். அது வளைந்திருக்கலாம், ராடே வளைந்திருக்கலாம். சினிமாவில் மணிக்கட்டை உதறி ‘டக்’ என்று சிலிண்டரை மூடுவார்களே, யோக்கை வளைப்பது அந்தப் பழக்கம்தான். யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். இதை நேராக்குவது வீட்டு வேலை இல்லை.

அடுத்து வெடிக்காத தோட்டா. ரேஞ்சில் இது நடந்தால் குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு 30 விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு. ‘புஸ்’ என்று மெல்லிய சத்தம் வந்தால் அதோடு நிறுத்திவிட்டு, குழலில் ஈயக் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். சிக்கியதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் உப்பிவிடும். பழைய துப்பாக்கி வாங்கும்போது வெளிச்சத்தில் குழலுக்குள் பார்த்து, வளையம் போல ஒரு நிழல் தெரிகிறதா என்று தேடுவது இதற்காகத்தான். உங்களுடையதையும் ஒரு முறை அப்படிப் பாருங்கள்.

காரணத்துக்கு வருவோம். கைப்பிடிப் பலகையைக் கழற்றினால் பிடியின் முன் விளிம்பில், அடிப்பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். ஹேமரை (பிரைமரை அடிக்கும் சுத்தியல் பாகம்) அடிக்க வைக்கிற பட்டை ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிப்பது அதுதான். ட்ரிகர் லேசாக வேண்டும் என்று முன்னவர் அதைத் தளர்த்தியிருப்பார், அல்லது நுனியை அரத்தால் குறைத்திருப்பார். அது முழுதாக இறுகி இருக்க வேண்டும். ட்ரிகரை லேசாக்க அது கருவி அல்ல. இறுக்கியும் சரியாகாவிட்டால் உள்ளே பழைய எண்ணெய் பிசினாகக் காய்ந்து ஹேமரின் வேகத்தைத் தின்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். டபிள்யூ.டி.40 ஸ்ப்ரே அடித்து வைத்த துப்பாக்கிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு நல்ல அடையாளம் உண்டு. ஹேமரை விரலால் இழுத்து வைத்துச் சுட்டால் வெடிக்கிறது, ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுட்டால் சில நேரம் வெடிக்கவில்லை என்றால், அடிக்கும் பலம் எல்லையில் நிற்கிறது. டபுள் ஆக்‌ஷனில், அதாவது ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுடும்போது, ஹேமர் அவ்வளவு தூரம் பின்னால் போகாமலே விடுபடுகிறது, அதனால் அடி சற்று மெலிது. வெடிக்காத அதே தோட்டா இரண்டாவது அடியில் வெடித்தால், பிரைமர் முழுதாக உட்காராத தோட்டாவாகவும் இருக்கலாம். முதல் அடி அதை உட்கார வைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. அப்படித் துருத்தி நிற்கிற பிரைமர் சிலிண்டரையும் கட்டும், எனவே வேறு பெட்டித் தோட்டாவைப் போட்டுப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆட்டம் அதிகமானால் அடி வாங்கும்போது சிலிண்டர் முன்னே நகர்ந்து அடியின் பலத்தைக் குறைக்கும். குழலுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி 0.1 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. மோட்டார் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) போதும். சிலிண்டரை முன்னே தள்ளி ஒரு அளவு, பின்னே தள்ளி ஒரு அளவு, வித்தியாசம்தான் ஆட்டம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பழைய ரிவால்வர் என்பதால் மூன்று சோதனைகளைக் கட்டாயம் செய்யுங்கள். ஒன்று, சிலிண்டர் மேல் விரலை லேசாக வைத்து, ஹேமரை மிக மெதுவாக இழுங்கள். ஹேமர் நிற்கும் நேரத்துக்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும், ஆறு அறையிலும். பூட்டாவிட்டால் அறையும் குழலும் நேராக நிற்காது, ஈயம் சீவிப் பக்கவாட்டில் தெறிக்கும், பக்கத்தில் நிற்பவர் முகத்தில் படும். இரண்டு, ஹேமரை இழுத்து நிறுத்திவிட்டு, ட்ரிகரைத் தொடாமல், கட்டை விரலால் பின்னாலிருந்து முன்னே தள்ளுங்கள். விழுந்தால் அந்தத் துப்பாக்கியை அன்றோடு எடுத்து வைத்துவிடுங்கள்.

மூன்றாவது என் மனத்துக்கு மிக நெருக்கமானது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-இல், அமெரிக்கக் கப்பல் தளத்தில் கீழே விழுந்த ஒரு ஸ்மித் அண்ட் வெசன் வெடித்து மாலுமி ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் ஹேமருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே வந்து நிற்கும் நம்பகமான தடுப்புத் தகடு சேர்க்கப்பட்டது. ஓர் உயிரைக் கொடுத்துக் கிடைத்த பாகம் அது. ஆனால் உள் பாகங்களை மூடியிருக்கும் பக்கத் தகட்டைத் திறந்து மூடுகிற சிலர், அதைச் சரியான இடத்தில் வைக்கத் தெரியாமல், வெளியிலேயே விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமலும் துப்பாக்கி நன்றாகவே சுடும், அதனால் யாருக்கும் தெரியாது. ஹேமருக்கு முன்னால் உள்ள இடுக்கில் டார்ச் அடித்து, ட்ரிகரை மெதுவாக இழுங்கள். ஒரு மெல்லிய தகடு கீழே இறங்குவது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் சுடாதீர்கள்.

பக்கத் தகட்டை நீங்களே திறக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் விளிம்பு கெட்டுவிடும். முன்பக்க ஸ்க்ரூ யோக்கைப் பிடிப்பதற்காகவே பொருத்தப்பட்டது, மற்றதோடு மாறிப்போனால் புதிய கோளாறு. உள் வேலைக்கு லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை மூலமாகவே போங்கள். தெரிந்தவர், கை சுத்தம் என்று லைசென்ஸ் இல்லாத ஒருவரிடம் விட்டுவிட்டு வருவது இந்த நாட்டில் விளையாட்டு இல்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. உதவி செய்ய வந்தவரை அதில் மாட்டிவிடாதீர்கள்.

குழலில் என்ன முத்திரை இருக்கிறது என்றும் பாருங்கள். பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளில் புழங்கிய பழைய .38 எல்லாம் மாடல் 10-இல் போடும் .38 ஸ்பெஷல் தோட்டாவுக்குச் செய்தவை அல்ல. போர்க்காலத்தில் பிரிட்டனுக்கு வந்த ஸ்மித் அண்ட் வெசன்கள் .38/200 தோட்டாவுக்குச் செய்தவை. அந்தக் கூடு கட்டையானது, சற்றுத் தடிமனானது. பின்னாளில் அவற்றில் பலவற்றின் அறைகளைக் குடைந்து .38 ஸ்பெஷல் போகும்படி செய்தார்கள். சுட்டால் கூடு உப்பும் அல்லது பிளக்கும். நீங்கள் சுட்ட கூடுகள் அடிப்பக்கம் பருத்து வந்தால் இதுதான் காரணமா என்று கேளுங்கள்.

பராமரிப்பு என்று பார்த்தால் நம் ஊர் வெக்கையும் ஈரமும்தான் எதிரி. தோல் உறையில் போட்டுப் பெட்டியில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், உறையின் வடிவத்திலேயே துரு வரும். சுட்டு வந்த அன்றே குழலையும் ஆறு அறைகளையும் துடையுங்கள். குழலை முன்வாயிலிருந்துதான் துலக்க முடியும், அதனால் கம்பி வாயின் விளிம்பில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல். நிக்கல் பூச்சு உள்ளதென்றால் அமோனியா கலந்த திரவம் வேண்டாம். ஈயத்தை எடுக்கிற ரசாயனத் துணியால் நீலப் பூச்சைத் துடைத்தால் நீலமும் சேர்ந்து போய்விடும்.

நட்சத்திரத்தின் அடியைத் துடைத்து, அந்த ஸ்க்ரூவை இறுக்கி, வேறு பெட்டித் தோட்டாவோடு ரேஞ்சுக்குப் போய் வாருங்கள். அப்புறமும் கட்டினால் எந்த அறையில் கட்டுகிறது என்று சிலிண்டரில் மார்க்கர் புள்ளி வைத்துப் பார்த்து இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.