பழைய பிக்கப்புக்குப் புதிய ஷாக்கு: வீட்டிலேயே மாட்டுவோரின் கேள்விகளும் பதில்களும்

சம்பா அறுவடை முடிந்து வண்டிகளுக்குச் சற்று ஓய்வு கிடைத்திருக்கும் நேரம் இது. பழைய பிக்கப் வண்டிகளுக்குக் கடையில் வாங்கிய ஷாக் அப்சார்பரைத் தாமே மாட்டிக்கொள்வது பற்றி டெல்டாவின் பல ஊர்களிலிருந்து நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். கும்பகோணத்துக்கு அருகே ஒரு பட்டறையில் 26 ஆண்டுகள் வண்டிக்கு அடியிலேயே கழித்தவன் என்ற தகுதியில் பதில் எழுதுகிறேன். இன்ஜின், மின்சாரம் ஆகியவை என் துறை அல்ல.

பாபநாசத்திலிருந்து ஒரு விவசாயி: ஐயா, பின்பக்க ஷாக்கு இரண்டிலும் எண்ணெய் வழிகிறது. பட்டறைக்குப் போகாமல் நானே மாற்றிவிட முடியுமா? முறையைச் சொல்லுங்கள்.

முடியும். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியில் எடையைத் தாங்குவது பட்டைதான். பள்ளத்தில் இறங்கி எழுந்த பட்டை ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இராதபடி, உள்ளேயுள்ள எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி அந்த ஆட்டத்தை வெப்பமாக மாற்றி அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை. ஆகவே அதைக் கழற்றியதும் எதுவும் பாய்ந்து வெளியே வந்துவிடாது.

பலர் முதலில் செய்யும் தவறு, தேவையில்லாமல் வண்டியைத் தூக்குவது. பெரும்பாலான பிக்கப்புகளில் சக்கரம் நான்கும் தரையில் இருக்கும்போதே ஒருவர் படுத்து உள்ளே போகும் அளவுக்கு இடம் உண்டு. அப்படி இடம் இருந்தால் தூக்காதீர்கள். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், நெல் காயவைக்கும் சிமென்ட் களம் போன்ற கெட்டியான தரையில் வண்டியை நிறுத்துங்கள். நம் பகுதிக் களிமண் தரை காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும்போது பாறை போலத் தோன்றினாலும், ஜாக்கியின் சிறிய அடிப்பகுதியில் வண்டியின் பாதி எடை இறங்கியவுடன் ஒரு பக்கமாக அமுங்கிவிடும். இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள்: இவ்வகை வண்டிகள் பெரும்பாலானவற்றில் கை பிரேக்கும் சரி, கியரில் போட்டு நிறுத்துவதும் சரி, பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிய பிறகு அவை இரண்டுமே பயனற்றவை; முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைத்த அடைகட்டை மட்டுமே வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு வேண்டும், அதையும் சேஸுக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு, கீழே வைக்காமல் அச்சுக்குக் கீழே வையுங்கள். அப்போது பட்டையின் மேல் எடை இருந்துகொண்டே இருக்கும், பிரேக் ஹோஸும் இழுபடாது.

தென்னங்கட்டையை அறுத்து முட்டுக் கொடுப்பதை நம் பக்கத்தில் நிறைய பார்க்கிறேன். தென்னையின் வெளிப்புறம் வைரம் பாய்ந்திருந்தாலும் நடுப்பகுதி சோறு. காய்ந்தால் நெட்டுக்குப் பிளக்கும். அதை நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஹாலோ பிளாக்கும் செங்கலும் அதைவிட மோசம்.

இனி வேலை. முதல் நாள் மாலையே நட்டு, போல்ட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். மறுநாள் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். வாஷர் எந்தப் பக்கம், போல்ட்டுத் தலை எந்தப் பக்கம் என்ற ஐயம் வந்தால் மறுபக்கம் பார்த்துத் தெளியலாம். பழைய ஷாக்கையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, முழுவதும் நீட்டிய நீளம், முழுவதும் அமுக்கிய நீளம், கண்ணின் (நுனியில் போல்ட்டு நுழையும் வளையத்தின்) அகலம், போல்ட்டு ஓட்டை ஆகிய நான்கையும் அளந்து பாருங்கள்.

புதியது வாயு அடைத்ததாக இருந்தால் அதைச் சுருக்கி ஒரு வாரால் கட்டியிருப்பார்கள். மேல் போல்ட்டை மாட்டிய பிறகே வாரை அறுக்க வேண்டும். தண்டு மெல்ல நீண்டுகொண்டே வரும். கீழ்க் கண் தன் இடத்துக்கு நேராக வரும் வேளையில் போல்ட்டைச் செருகிவிட்டால் தள்ளுமுள்ளு இல்லாமல் வேலை முடியும். வெறும் எண்ணெய் ஷாக்கு என்றால், மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுவதும் நீட்டி அமுக்கி உள்ளிருக்கும் காற்றை மேலேற்றிவிடுங்கள். பளபளக்கும் தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகக் கூடாது. மயிரிழைக் கீறல் விழுந்தாலும் அது ஒவ்வொரு முறையும் சீலை அறுக்கும், மூன்று மாதத்தில் மறுபடி எண்ணெய் வழியும். போல்ட்டை இறுதியாக இறுக்குவது, வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான்.

திருவாரூரிலிருந்து: கேப்ரியல் கம்பெனி ஷாக்கு நல்லதா, மன்றோ கம்பெனி ஷாக்கு நல்லதா?

உங்கள் வண்டியின் மாடலுக்கென்றே வந்த பாகம், நம்பகமான கடையில், பில்லுடன் கிடைப்பது எதுவோ அது நல்லது.

வலங்கைமானிலிருந்து: கொள்முதல் நிலையத்துக்கு 45 மூட்டை ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. கனமான ஷாக்கு போட்டால் நிமிருமா?

நிமிராது. கொள்முதல் நிலைய மூட்டை 40 கிலோ. 45 மூட்டை என்றால் 1,800 கிலோ. முதலில் உங்கள் பதிவுச் சான்றில் எழுதியிருக்கும் மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்துப் பாருங்கள். வண்டி உட்காருவது பட்டை தளர்ந்ததாலா, அளவுக்கு மீறி ஏற்றியதாலா என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும். ஷாக்கு எடையைத் தாங்குவதில்லை. கெட்டியான ஷாக்கைப் போட்டால் வண்டி அதே அளவுக்கு உட்காரும், ஆனால் மெதுவாக உட்காரும். கூடுதலாக, காலி வண்டியில் திரும்பும்போது வாய்க்கால் கரைச் சாலையில் உங்கள் முதுகெலும்பு அதன் கெட்டித்தனத்தை எண்ணிச் சொல்லும்.

நாகப்பட்டினத்திலிருந்து, மீன் ஏற்றும் வண்டிக்காரர்: அண்ணே, கீழ் போல்ட்டு புஷ்ஷுக்குள்ளேயே பிடித்துக்கொண்டு வர மறுக்கிறது. கேஸ் வைத்துச் சூடாக்கி எடுக்கலாமா?

வேண்டாம். அந்த ஷாக்குக்குள் எண்ணெய் இருக்கிறது; வாயு அடைத்ததாக இருந்தால் அழுத்தமும் இருக்கிறது. மூடிய குழாயைத் தீயில் காட்டினால் அது வெடிகுண்டு.

உங்கள் வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தினமும் அச்சின் மேல் ஒழுகுகிறது, போதாததற்குக் கடற்காற்று வேறு. போல்ட்டுக்கும், கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் உள்குழாய்க்கும் இடையில் துரு வீங்கி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. நட்டைக் கழற்ற முடிந்தால், இரண்டு நாள் துரு இளக்கி விட்டு, போல்ட்டை வெளியே இழுப்பதற்கு முன் முதலில் சுழற்றிப் பாருங்கள். சுழல ஆரம்பித்துவிட்டால் வந்துவிடும். சுழலாவிட்டால் கண்ணுக்கும் அதை வண்டியோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் ஆக்ஸா பிளேடை விட்டுப் போல்ட்டை இரு பக்கமும் அறுத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கை வலிக்கும், அவ்வளவுதான். கிரைண்டர் பயன்படுத்தினால் சக்கரம் ஷாக்கின் உடலில் படவே கூடாது, பிரேக் பைப்பின் மேல் ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். புதிய போல்ட்டு போடும்போது மரையை விட்டுவிட்டு, தண்டுப் பகுதியில் மட்டும் மெல்லியதாகக் கிரீஸ் தடவுங்கள். ரப்பரில் கிரீஸோ டீசலோ படக் கூடாது, ரப்பர் ஊறிப் பருத்துவிடும். லோடு இறக்கியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுகிற வழக்கம் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திராது.

சீர்காழியிலிருந்து: முன்பக்கம் ஷாக்கைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. அதையும் வீட்டில் பிரிக்கலாமா?

கூடாது. அமுங்கியிருக்கும் சுருளின் மேல் நட்டைக் கழற்றினால் அது சீறிக்கொண்டு வரும். எதிரே முகம் இருந்தால் முகத்தில் வரும். சுருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி உள்ள பட்டறைக்குப் போங்கள்.

மன்னார்குடியிலிருந்து ஒரு நெல் வியாபாரி: எடை சக்கரத்தின் மேல் இருக்கும்போது போல்ட்டை இறுக்கச் சொல்கிறீர்கள். எடை என்றால் எந்த எடை? என் வண்டி ஆண்டில் பாதி நாள் நிறைபாரத்தோடுதான் ஓடுகிறது. காலி வண்டியில் இறுக்கினால் உங்கள் கணக்கே தவறாகாதா?

ஒரத்தநாட்டிலிருந்து ஒரு பட்டறைக்காரர்: நான் நாற்பது வருடமாகச் சேஸைத் தூக்கி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கி அனுப்புகிறேன். ஒருவரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. இதெல்லாம் புத்தகப் பேச்சு.

இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதற்குப் பிறகு எழுதியவர்களில் எட்டுப் பேர் இந்தச் சண்டையில்தான் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்திருக்கிறார்கள்.

கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ், பேரிங் போலச் சுழல்வதில்லை. போல்ட்டை இறுக்கியவுடன் அதன் உள்குழாய் பிராக்கெட்டோடு ஒன்றாகிவிடுகிறது. அதன் பிறகு ஷாக்கு சாயும் ஒவ்வொரு பாகைக்கும் ரப்பர் முறுக்கப்படுகிறது. எவ்வளவு முறுக்கு என்பதைக் கணக்கிட்டே பார்ப்போம். காலி வண்டியில் இரு கண்களுக்கும் இடையே 50 செ.மீ., செங்குத்திலிருந்து 30 பாகை சாய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டுத் தூரம் 25 செ.மீ., உயரம் ஏறத்தாழ 43 செ.மீ. பாரம் ஏறி வண்டி 10 செ.மீ. இறங்கினால் உயரம் 33 ஆகிறது, சாய்வு 37 பாகையாகிறது. சக்கரம் அந்தரத்தில் 8 செ.மீ. தொங்கினால் உயரம் 51, சாய்வு 26 பாகை. ஒரத்தநாட்டு நண்பர் 26இல் இறுக்கி அனுப்புகிறார். அந்த வண்டி காலியாக நிற்கும்போதே ரப்பர் 4 பாகை முறுக்கில் நிற்கிறது, நிறைபாரத்தில் 11 பாகை, அதன் மேல் பள்ளத்தின் குலுக்கல் தனி. அவருடைய வாடிக்கையாளர்கள் குறை சொல்லாததற்குக் காரணம், கிழிந்த புஷ்ஷை மாற்ற அவரிடமே வந்து, வண்டி பழசாகிவிட்டது என்று தங்களையே தேற்றிக்கொள்வதாக இருக்கலாம்.

ஆயினும் அவர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. ஷாக்கு ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும் வண்டிகளில் அச்சு ஏறி இறங்கினாலும் சாய்வு மிகக் குறைவாகவே மாறும். அங்கே அவருடைய முறையால் பெரிய கேடு வராது. ஒரு ஷாக்கு முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் நன்றாகச் சாய்ந்திருக்கும் வண்டிகளில்தான் இந்த வேறுபாடு புஷ்ஷின் ஆயுளைத் தின்கிறது.

மன்னார்குடி நண்பரின் கேள்விதான் என்னை ஒரு நாள் முழுவதும் யோசிக்க வைத்தது. காலி வண்டியில் இறுக்குவது என்பதை நான் பழக்கத்தால் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். 30க்கும் 37க்கும் இடையில் ஓடும் வண்டிக்கு 33, 34 பாகையில் இறுக்கினால் முறுக்கு இரு பக்கமும் சமமாகப் பிரிந்துவிடும் என்பது கணக்கிலேயே தெரிகிறது. ஆகவே எப்போதும் பாரத்தோடு ஓடும் வண்டியானால், போல்ட்டுகளைக் கையால் பிடிமானம் வரும் அளவுக்கு மட்டும் முடுக்கி, வழக்கமான பாரத்தில் பாதியை ஏற்றி, சக்கரங்கள் தரையில் இருக்க, அதன் பிறகு முழுவதும் இறுக்குங்கள். இந்த இடத்தில் என் பழைய பதிலைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் பாரம் ஏற்றிய வண்டியை ஜாக்கியில் தூக்கி அடியில் போகலாம் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீடாமங்கலத்திலிருந்து: இந்தியக் கம்பெனி வாங்கலாமா, வெளிநாட்டுக் கம்பெனி வாங்கலாமா?

திருவாரூர் நண்பருக்குச் சொன்னதே. கம்பெனிப் பெயரை மட்டும் கேட்டு வந்த இன்னும் ஆறு கேள்விகளுக்கும் இதே பதில்.

மயிலாடுதுறையிலிருந்து: புதிய ஷாக்கு மாட்டிய பிறகு மேடு பள்ளத்தில் டொக் டொக் என்று சத்தம் வருகிறது.

இறுக்கம் போதாத போல்ட்டு, அல்லது கண்ணின் அகலம் பிராக்கெட்டைவிடக் குறைவு. மேல்பக்கம் ஊசி போன்ற தண்டில் நட்டு முடுக்கும் வகையானால், ரப்பர் வாஷரின் விளிம்பளவுக்குப் பிதுங்கும் வரை முடுக்க வேண்டும், அதற்கு மேல் நசுக்கக் கூடாது. மூன்றும் சரியாக இருந்தால் ஷாக்கை விட்டுவிட்டுப் பட்டையின் முனையைச் சேஸோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ்ஷைப் பாருங்கள். பழைய வண்டியில் சத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

கும்பகோணத்திலிருந்து: காலையில் வண்டியை எடுத்தால் வெள்ளைப் புகை வருகிறது.

இன்ஜின் மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

பேராவூரணியிலிருந்து, தேங்காய் ஏற்றுபவர்: பின்பக்கம் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டு வண்டியை உயர்த்தியிருக்கிறேன். கம்பெனி அளவு ஷாக்கையே போட்டுவிடலாமா?

அளக்காமல் போடாதீர்கள். வண்டி உயர்ந்திருப்பதால் ஷாக்கு ஏற்கெனவே பாதி நீண்ட நிலையில் நிற்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஷாக்கு முழு நீளத்தை எட்டிவிட்டால், அச்சு முழுவதும் அந்தத் தண்டில் தொங்கி, உள்ளேயிருக்கும் பிஸ்டனைப் பிடுங்கும். சேஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பட்டை முழுவதும் தொங்கும் நிலையில் மேல் பிராக்கெட்டிலிருந்து கீழ் பிராக்கெட் வரை அளந்து, ஷாக்கின் நீட்டிய நீளம் அதைவிட இரண்டு விரற்கடையாவது கூடுதலாக இருக்கும்படி வாங்குங்கள். மறுபுறம், அச்சு ரப்பர் தடுப்பில் முட்டும் நிலையில் ஷாக்கு இன்னும் கொஞ்சம் அமுங்க இடம் வைத்திருக்க வேண்டும். பட்டை கூட்டியதால் பதிவுச் சான்றில் உள்ள எடை வரம்பு கூடிவிடாது. சோதனையில் பிடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதமும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் கட்ட வேண்டிவரும்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அப்பாவின் வண்டிக்கு நானும் தம்பியும் மாற்றப் போகிறோம். ஸ்டாண்டு இல்லை, நல்ல ஹைட்ராலிக் ஜாக்கி இருக்கிறது. இருபது நிமிட வேலைதானே?

தம்பி, ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் எடையைத் தாங்கி நிற்பது ஒரு சிறிய ரப்பர் சீல். அது போவதற்கு ஒரு நொடி போதும். வண்டியைத் தூக்காமல் மாற்ற இடம் இருக்கிறதா என்று முதலில் படுத்துப் பாருங்கள். இல்லையென்றால் பக்கத்துப் பட்டறையில் இரண்டு ஸ்டாண்டை ஒரு நாளைக்கு இரவல் கேளுங்கள், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கழற்றிய பழைய ஷாக்கை அறுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை உங்கள் வயதில் வரும். வாயு அடைத்ததாக இருந்தால் அதை அறுக்காமல், வாயு ஷாக்கு என்று சொல்லியே பழைய இரும்புக் கடையில் கொடுங்கள்.