கப் இல்லாத ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கலாமா?

அன்புள்ள அண்ணா,

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. நாங்கள் ஐந்து நண்பர்கள், பள்ளிக்கூட நாளிலிருந்தே ஃபுட்பால் பைத்தியம். 2025 நவம்பரில் அர்ஜென்டினா கொச்சிக்கு வந்து நட்பு ஆட்டம் ஆடும் என்று செய்தி வந்ததும் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்தோம். அணி வரவில்லை, பணம் அப்படியே இருக்கிறது. இனி எந்தப் பெரிய அணி எங்கே ஃப்ரெண்ட்லி ஆடினாலும், அது துபாயாகவே இருந்தாலும் போய்விடலாம் என்கிறார்கள் நண்பர்கள். அப்பாவோ, "ஜெயிச்சா கப்பு கிடையாது, தோத்தா நட்டம் கிடையாது. அதைப் பார்க்க இத்தனை ஆயிரமா? வீட்ல டிவி இல்லையா?" என்று கேட்கிறார். அவர் சொல்வதும் சரிதானோ என்று தோன்றுகிறது. நட்பு ஆட்டத்துக்குச் செலவு செய்வது வீண்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வீண் இல்லை, தாராளமாகப் போங்கள். ஆனால் துபாய் வேண்டாம். பெங்களூரில் இந்திய அணி ஆடும்போது போங்கள்.

அப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2003 பிப்ரவரியில் லண்டனில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஒரு நட்பு ஆட்டம் ஆடின. இடைவேளையில் இங்கிலாந்து கோச் எரிக்சன் பதினோரு பேரையும் மாற்றிவிட்டார். பெக்கமைப் பார்க்கப் பணம் கொடுத்து வந்தவர்களுக்கு இரண்டாம் பாதியில் கிடைத்தது வேறொரு அணி. ஆஸ்திரேலியா 3-1 என்று ஜெயித்தது. இப்படியே போனால் தாங்காது என்றுதான் 2004இல் ஆறு பேருக்கு மேல் மாற்றக் கூடாது என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா வரம்பு வைத்தது. நட்பு ஆட்டங்கள் சலித்துப்போனதால்தான் ஐரோப்பாவில் 2018இல் நேஷன்ஸ் லீக் என்ற போட்டியையே புதிதாகத் தொடங்கினார்கள்.

ஆனால் அந்த லண்டன் ஆட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் பாதியில் இறங்கியவர்களில் ஒரு பையனுக்கு வயது 17. நாட்டுக்காக அவன் ஆடிய முதல் ஆட்டம் அது. பெயர் வேய்ன் ரூனி, பின்னாளில் இங்கிலாந்தின் பெரிய நட்சத்திரம். கப் இல்லாத ஆட்டம் என்று நாம் சொல்கிறோம். அணியில் ஒரு இடத்துக்காகக் காத்திருக்கும் பையனுக்கு அதுதான் வாழ்க்கையையே தீர்மானிக்கும் ஆட்டம். பெரிய பெயர்கள் அடிபட்டுவிடக் கூடாதே என்று காலை இழுத்து ஆடும்போது, இவன் ஒவ்வொரு பந்துக்கும் உயிரைக் கொடுத்து ஓடுவான். அவனைப் பார்க்கப் போகிறவர் நட்பு ஆட்டத்தில் ஏமாறவே மாட்டார்.

பெயருக்காக டிக்கெட் எடுப்பவர்தான் ஏமாறுவார். 2019 ஜூலையில் சியோலில் யுவென்டஸ் அணி ஒரு காட்சி ஆட்டம் ஆடியது. ரொனால்டோ இறங்குவார் என்று சொல்லித்தான் டிக்கெட் விற்றார்கள். அவர் தொண்ணூறு நிமிடமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரசிகர்கள் நீதிமன்றம் போய் நஷ்டஈடு வாங்க வேண்டியதாயிற்று. 2024 பிப்ரவரியில் ஹாங்காங்கில் இன்டர் மயாமி ஆடியபோது மெஸ்ஸி இறங்கவே இல்லை. கூட்டம் பணத்தைத் திருப்பிக் கொடு என்று கத்தியது, ஏற்பாட்டாளர்கள் பாதியைத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். இவை கிளப் ஆட்டங்கள்தான், நாட்டு அணியாக இருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. 2025 டிசம்பரில் கொல்கத்தாவில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே மெஸ்ஸி ஆடுவதாகவே இல்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து உள்ளே வந்தவர்களுக்கு மெஸ்ஸியைச் சுற்றி நின்ற பிரமுகர்களின் முதுகுதான் தெரிந்தது. அவர் சீக்கிரமே கிளம்பிவிட, நாற்காலிகள் பறந்தன. நாற்காலியை உடைத்தது தப்புதான். ஆனால் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு முதுகுகளைப் பார்த்துத் திரும்பியவனின் வயிற்றெரிச்சலை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதே சால்ட் லேக் மைதானத்தில் 2011 செப்டம்பர் 2 அன்று அர்ஜென்டினாவும் வெனிசுவேலாவும் ஆடிய ஆட்டத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். மெஸ்ஸி கேப்டன் பொறுப்பேற்ற ஆட்டம் அது. அவர் அடித்த கார்னரை ஓட்டமெண்டி தலையால் முட்டிக் கோலாக்கினார், 1-0. மைதானம் ஒன்று, ஆள் ஒன்று. புதுக் கோச் தன் அணியைக் கட்டிக்கொண்டிருந்த நேரம் என்பதால் அன்று நடந்தது நிஜமான ஆட்டமாக இருந்தது.

சரி, டிவி இல்லையா என்று அப்பா கேட்டாரே, அதற்கு வருகிறேன். நம் பக்கத்து எருது விடும் விழாவை யாரோ செல்போனில் எடுத்து அனுப்பினால் அதில் மாடு மட்டும்தான் ஓடும். மொட்டைமாடியில் நின்று பார்த்தவருக்கோ, மாடு வருமுன்னே கூட்டம் விலகுவதும், தொடப்போகிறவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதும், தெரு முழுக்கவே தெரியும். கால்பந்தும் அப்படித்தான். டிவி பந்தைத் துரத்தும். கேலரியின் மேல் வரிசையில் உட்கார்ந்தால், பந்து இடதுபக்கம் இருக்கும்போது வலதுபக்க டிஃபண்டர் எங்கே நிற்கிறான், ஸ்ட்ரைக்கர் எப்போது ஓட ஆரம்பிக்கிறான், மிட்ஃபீல்டர் பந்து வருமுன் எத்தனை தடவை தலையைத் திருப்பிப் பார்க்கிறான் என்பதெல்லாம் தெரியும். நட்பு ஆட்டத்தில் கோச் புதுப் புது அமைப்புகளைப் பரிசோதிப்பார் என்பதால் இதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. நீங்கள் ஐந்து பேரும் ஆடுகிறவர்கள் என்றால், அடுத்த ஞாயிறு உங்கள் ஆட்டமே மாறும். அதனால் விலை கூடிய முன்வரிசை டிக்கெட் வேண்டாம். மலிவான மேல்வரிசைதான் நல்ல இடம்.

இந்திய அணி என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் 2018 ஜூன். மும்பையில் இந்தியா சீன தைபேயை (தைவான் அணி) 5-0 என்று வென்றபோது மைதானத்தில் இருந்தவர்கள் 2,569 பேர். அன்று மூன்று கோல் அடித்த இந்திய கேப்டன் சுனில் சேத்ரி மறுநாள் ஒரு வீடியோ போட்டார். எங்களைத் திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் மைதானத்துக்கு வாருங்கள் என்று கெஞ்சினார். கென்யாவுடனான அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்துபோனது. கொட்டும் மழை, இடைவேளை வரை கோல் இல்லை, கடைசியில் 3-0. சேத்ரிக்கு அது 100ஆவது சர்வதேச ஆட்டம். அன்று மழையில் நனைந்த கூட்டத்துக்கு அந்த வெற்றியில் பங்கு உண்டு. பெரிய அணிகளுக்கு நம் கைதட்டல் ஒரு பொருட்டே இல்லை. இந்த அணிக்கு அது தேவைப்படுகிறது. நட்பு ஆட்டமும் கணக்கில் சேரும் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். ஃபிஃபா தரவரிசைக் கணக்கில் தகுதிச்சுற்று ஆட்டத்தின் எடை 25, நட்பு ஆட்டத்துக்கு 10. குறைவுதான், பூஜ்யம் இல்லை.

அப்புறம், அறிவிப்பு வந்ததும் தேதியைப் பாருங்கள். கிளப்புகள் தங்கள் வீரர்களை நாட்டு அணிக்குக் கட்டாயம் விடவேண்டிய நாட்களை ஃபிஃபா முன்கூட்டியே குறித்துவிடுகிறது. அதற்கு வெளியே வைக்கும் ஆட்டத்துக்கு நல்ல வீரர்கள் பலர் வரமாட்டார்கள். தரவரிசை எடையும் 5 ஆகிவிடும். எதிரணியின் பெயர் உறுதியாகும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கடன் வாங்கிப் போகிற யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே தடுத்துவிடுங்கள்.

பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் ஆட்டம் என்றால் உங்களுக்கு அறைச் செலவு கிடையாது. ஓசூரிலிருந்து பொம்மசந்திரா வரை பேருந்து, அங்கிருந்து மெட்ரோ, இடையில் ரயில் மாறி கப்பன் பார்க்கில் இறங்கி நடக்கலாம். ஓசூர் ரோட்டில் நெரிசல் இருக்கும், அதை நம்பி நேரத்தை இறுக்கிக் கணக்குப் போடாதீர்கள். முடிந்ததும் சாந்திநகர் பேருந்து நிலையம் போனால் உங்கள் ஊர்ப் பக்கம் போகும் சேலம் பேருந்து கிடைக்கும். மறுநாள் காலை ஷிஃப்ட் இருப்பவர் மட்டும் முதலிலேயே மாற்றிக்கொள்வது நல்லது.