ஆச்சியிடம் கேளுங்கள்: இலைகளை உலர்த்திப் பொடிப்பது எப்படி?

உருளைக்கிழங்கு வறுவலின் மேல் தூவும் உலர் இலைப்பொடியைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு வரிதான் எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்கள் எழுதிய கடிதங்களுக்கே இந்த முறை பக்கம் முழுவதும் போய்விட்டது. குழம்பு மிளகாய்த்தூள் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்தருள வேண்டும்.

தேவகோட்டை வாசகி: சித்திரை வெயில் வீணாகிறதே என்று கறிவேப்பிலையையும் புதினாவையும் மொட்டை மாடியில் வேட்டி விரித்து இரண்டு நாள் காய வைத்தேன், ஆச்சி. மொறுமொறுவென்று காய்ந்துவிட்டன, ஆனால் நிறம் வைக்கோலைப் போலாகிவிட்டது, பொடித்த பிறகு மணமும் இல்லை. எங்கே தவறினேன்?

பதில்: வத்தல் காயப் போடும் பழக்கத்தில் இலையையும் அதே இடத்தில் போட்டுவிட்டீர்கள். வத்தலிலிருந்து நீர் போனால் போதும். இலையிலோ நீர் போக வேண்டும், எண்ணெய் தங்க வேண்டும். இலையின் மணம் என்று நாம் சொல்வது எளிதில் ஆவியாகிவிடும் அந்த எண்ணெயைத்தான். கறிவேப்பிலையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் எலுமிச்சை இலையில் இருப்பதைப் போலவே ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும்; அவை எண்ணெய்ச் சுரப்பிகள், ஏனென்றால் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே தாவரக் குடும்பம். புதினாவின் சுரப்பிகளோ இலையின் மேற்பரப்பிலேயே உட்கார்ந்திருப்பதால், கை பட்டாலே உடைந்து மணம் வெளியேறிவிடும். ஏறத்தாழ 40 டிகிரி சூட்டுக்கு மேல் போகாமல் உலர்த்தினால் இந்த எண்ணெயில் பெரும்பகுதி தங்கும். சித்திரை மதியத்தில் நம் ஊர் மாடித் தளம் கால் வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அது போதாதென்று நேர்வெயிலின் ஒளி இலையின் பச்சையத்தையும் வெளுக்க வைத்துவிடும்.

செட்டிநாட்டு வீட்டில் இதற்கென்றே கட்டியது போன்ற இடம் ஒன்று இருக்கிறது. முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் வெயில் நேராக விழாது, காற்று மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இலைகளைக் கழுவி, துணியில் பரப்பி, மேலே ஒட்டிய நீர் முழுவதும் போன பிறகு கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவிச் சுளகில் ஒற்றை அடுக்காகப் பரப்பி வளவில் வையுங்கள். புதினாவைக் காம்போடு கிள்ளிக்கொள்ளலாம். ஆனால் இலையைக் கிழிக்கவோ கசக்கவோ கூடாது, கசங்கிய இடம் கறுத்துவிடும். காலையும் மாலையும் ஒரு முறை கையால் அளைந்து புரட்டிவிட்டால் போதும். கோடையில் மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும்.

காய்ந்ததா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். ஓர் இலையைக் காதருகே வைத்து விரலால் நொறுக்குங்கள். சருகு உடைவதைப் போல ஓசை கேட்க வேண்டும், நடு நரம்பு வளையாமல் ஒடிய வேண்டும். அதற்குப் பிறகும் ஐயமிருந்தால் ஒரு கைப்பிடி இலையைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் மூடியின் உட்புறத்தில் ஆவி படிந்திருந்தால் இலை மீண்டும் சுளகுக்குத்தான் போக வேண்டும்.

காரைக்குடி வாசகி: பீட்சாவின் மேல் தூவச் சிறு பொட்டலத்தில் தருகிறார்களே, அதைப் போல வீட்டிலேயே செய்து தரும்படி என் மகள் கேட்கிறாள். எங்கள் தொட்டியில் கற்பூரவல்லி காடாக வளர்ந்து கிடக்கிறது. அதைத்தான் ஆரிகானோ என்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். உண்மையா?

பதில்: செடி வேறு, மணம் ஒன்றுவிட்ட உறவு. ஆரிகானோவுக்கு அதன் காரமான மணத்தைத் தரும் கார்வக்ரால் என்ற பொருள் கற்பூரவல்லியிலும் இருக்கிறது. ஆகவே உங்கள் பக்கத்து வீட்டு அக்கா முழுவதும் தவறாகச் சொல்லிவிடவில்லை. இத்தாலியச் சமையலின் பெயரால் விற்கப்படும் கலவையில் வழக்கமாக ஆரிகானோ, பேசில், தைம், ரோஸ்மேரி ஆகியவையும் சில நேரம் மார்ஜோரமும் இருக்கும். இவற்றில் பேசில் நமக்குப் புதியதன்று. சப்ஜா விதை தருகிற திருநீற்றுப் பச்சிலைதான் அது. தைம் கிடைக்காவிட்டால் அதன் முதன்மையான மணப்பொருளாகிய தைமால் நம் ஓமத்தில் நிறையவே இருக்கிறது. மார்ஜோரம் என்பது பூக்கட்டுகிறவர்கள் மாலையில் வைக்கும் மரு. மருக்கொழுந்து வேறு செடி. ஆனால் பூக்கடையில் வாங்கிய மருவைச் சமையலில் போட நான் சம்மதிக்க மாட்டேன், தலையில் சூடுவதற்கென்று வளர்த்ததற்கு எந்த மருந்து தெளித்திருப்பார்களோ! வீட்டுத் தொட்டியில் வளர்ந்திருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம்.

கற்பூரவல்லியில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் இலை தடித்தது, நீர் கோத்தது. முதன்முறை நான் செய்தபோது அதையும் கறிவேப்பிலையையும் ஒரே சுளகில் பரப்பி, கறிவேப்பிலை காய்ந்த அன்றே இரண்டையும் சேர்த்துப் பொடித்துவிட்டேன். பத்து நாள் கழித்துப் புட்டியைத் திறந்தால் பொடி கட்டிதட்டி, அடியில் சாம்பல் நிறப் பூசணம். கற்பூரவல்லியின் உள்ளே மிச்சமிருந்த ஈரம் நன்றாகக் காய்ந்த கறிவேப்பிலையையும் சேர்த்துக் கெடுத்திருந்தது. அன்று முதல் ஒவ்வோர் இலைக்கும் ஒவ்வொரு சுளகு, ஒவ்வொரு புட்டி; கலப்பது கடைசியில்தான். கற்பூரவல்லியை மட்டும் கத்தியால் மெல்லிய நாடாக்களாக அரிந்து உலர்த்துங்கள். அரிந்த ஓரம் கறுக்கும், அதற்காகத் தயங்க வேண்டாம். ஈரத்தோடு நாள்கணக்கில் கிடப்பதைவிட அது மேல். ஒரு வாரம் வரை ஆகலாம்.

அளவு கேட்பீர்கள். உலர்ந்த திருநீற்றுப் பச்சிலை மூன்று மேசைக்கரண்டி, கற்பூரவல்லி ஒன்று, புதினா ஒன்று, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு அரைத் தேக்கரண்டி, கையில் தேய்த்த ஓமம் கால் தேக்கரண்டி. ஓமம் கூடினால் கஷாய வாடை வந்துவிடும். மிக்ஸியில் ஓட்டினால் சூடேறித் தூசியாகிவிடும். உள்ளங்கையில் வைத்து நொறுக்கினாலே போதும். உப்பைக் கலந்து வைக்காதீர்கள், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். காய்ந்த மிளகாயை மகள் தனியே தூவிக்கொள்ளட்டும்.

கானாடுகாத்தான் வாசகர்: நம் ஊர்ப் பொடி என்றால் கல்பாசியும் பிரிஞ்சி இலையும் வேண்டாமா?

பதில்: குழம்புப் பொடிக்கு வேண்டும், தூவும் பொடிக்கு வேண்டாம். கல்பாசி இலையே அன்று; பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் பாசிப் பூஞ்சை. அஞ்சறைப் பெட்டியில் இருக்கும்போது மரத்தூள் போல வாயடைத்துக் கிடக்கும் அது, காய்ந்த எண்ணெயில் விழுந்த பிறகே வாய் திறக்கும். வெந்த பண்டத்தின் மேல் தூவினால் பல்லில் நெருடுவதுதான் மிச்சம். பிரிஞ்சி இலையும் பொடியில் கூரான சிம்புகளாக நிற்கும். இன்னொன்று, நம் கடைகளில் கிடைப்பது லவங்கப்பட்டையின் இனத்தைச் சேர்ந்த இலை, நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடும். மேல்நாட்டுச் சமையல் குறிப்பில் வரும் பே இலைக்கு நடுநரம்பு ஒன்றுதான், மணமும் வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டுவிட்டுக் குறிப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

பொன்னமராவதி வாசகி: கொத்தமல்லித் தழையையும் இப்படி உலர்த்தலாமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன செய்வது?

பதில்: கொத்தமல்லித் தழைக்கு நான் இல்லை என்றே சொல்வேன். அதன் மணம் காய்வதற்கு முன்பே கிளம்பிப் போய்விடும். மிஞ்சுவது பச்சை நிறத் தாள். தழையைப் பச்சையாகவே போடுங்கள், விதையைப் பொடியில் சேருங்கள். மழைநாளில் ஓவன் (மின்சூட்டடுப்பு) இருப்பவர்கள் அதை மிகக் குறைந்த சூட்டில் வைத்து, கதவை விரலளவு திறந்துவைத்து உலர்த்தலாம். மைக்ரோவேவில் முப்பது முப்பது விநாடியாக, நடுவே புரட்டிவிட்டுச் செய்யலாம். கண்ணை எடுத்தால் கருகும். என்னைக் கேட்டால் பங்குனி, சித்திரையிலேயே உலர்த்தி முழு இலையாக மூடி வைத்துவிடுவதுதான் எளிது.

புதுக்கோட்டை வாசகர்: குறிப்பில் பச்சை இலை அளவு இருந்தால் உலர்ந்தது எவ்வளவு போட வேண்டும்? எத்தனை நாள் இருக்கும்?

பதில்: பச்சை இலை மூன்று பங்கு என்றால் உலர்ந்தது ஒரு பங்கு. புதினாவில் 100-க்கு ஏறத்தாழ 85 பங்கு நீர். ஒரு பெரிய கட்டு காய்ந்து ஒரு கைப்பிடியாகச் சுருங்கினால் ஏமாந்ததாக நினைக்க வேண்டாம். இருட்டான அலமாரியில் முழு இலையாக வைத்தால் ஓராண்டு வரை மணம் ஓரளவு தாங்கும். நொறுக்கியதை இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், ஆகவே ஒரு சிறு புட்டி அளவுக்கு மட்டும் நொறுக்குங்கள். அடுப்புக்கு மேலுள்ள தட்டில் அந்தப் புட்டியை வைக்காதீர்கள். கொதிக்கும் குழம்பின் மேல் புட்டியைக் கவிழ்த்துத் தூவுவதும் கூடாது. ஏறும் ஆவி முழுவதும் உள்ளே போய்விடும், உலர்ந்த கரண்டியில் எடுத்துப் போடுங்கள்.