உப்பிய சுவருக்குப் பசை ஏற்றும் முன்

கேள்வி: ஆறு வருடம் பழைய பயண ட்ரெய்லர் (காரின் பின்னால் கட்டி இழுத்துப் போகும், உள்ளே தங்கக்கூடிய வண்டி) ஒன்றை வாங்கினேன். ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவர் இரண்டு கை அகலத்துக்கு உப்பியிருக்கிறது. அழுத்தினால் உள்ளே போகிறது, விட்டால் திரும்ப வருகிறது. விற்றவர் 'வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்' என்றார். பழுது பார்ப்பவர், ஓட்டை போட்டுப் பசை ஏற்றினால் அரை நாளில் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா? அடுத்த மாதம் ஒரு நீண்ட பயணமும் இருக்கிறது.

பதில்: இப்போதைக்குப் பசை ஏற்ற விடாதீர்கள். உப்பியிருக்கும் இடம் அடையாளம் மட்டும்தான். கோளாறு வேறெங்கோ, பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது.

சுவர் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் மற்றது புரியும். வெளியே வழவழப்பான ஃபைபர்கிளாஸ் தகடு. அதன் முதுகில் மெல்லிய பிளைவுட். அதற்கும் உள்ளே அலுமினியச் சட்டம், சட்டத்தின் இடைவெளிகளில் தெர்மாகோல். இத்தனையையும் பிடித்து வைத்திருப்பது பசைதான், ஆணியோ திருகோ இல்லை. பிளைவுட் நனைந்து ஊறினால் அதன் அடுக்குகள் பிரியும், ஃபைபர்கிளாஸ் விட்டுக்கொடுத்து உப்பும். உங்கள் சுவர் வரிவரியான அலுமினியத் தகடாக இருந்தால் இந்தக் கதை பொருந்தாது. அது ஒட்டப்பட்டதே அல்ல, மரச்சட்டத்தில் அடிக்கப்பட்டது. அது உப்பினால் உள்ளே மரம் மக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் எங்கே நுழைகிறது? கூரையும் சுவரும் சேரும் விளிம்பு, மூலைப் பட்டை, ஜன்னல் சட்டத்தின் மேல்பக்கம், உச்சியில் இருக்கும் சிறு விளக்குகள், வெய்யில் மறைப்பைத் தாங்கும் போல்ட்டுகள். திருகு இறங்கிய ஒவ்வோர் இடமும் ஒரு வாசல். நுழைந்த தண்ணீர் அங்கேயே நிற்காது. சுவருக்குள் இருக்கும் அலுமினியச் சட்டத்தின் மேல் ஓடி, குறுக்குச் சட்டம் தடுக்கும் இடத்தில் தேங்கும். அதனால்தான் ஜன்னலுக்குக் கீழே தெரியும் உப்பலுக்குக் காரணம் இரண்டடி தள்ளி, கூரை விளிம்பில் கூட இருக்கலாம்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை இது. இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து, வண்டியின் ஒரு முனையிலிருந்து சுவர் நெடுகப் பாருங்கள். பகலில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழலாக விழும். ஸ்டிக்கர் ஒட்டிய இடங்களைக் குறிப்பாகப் பாருங்கள். பழைய வண்டியில் புது ஸ்டிக்கர் இருந்தால் விற்றவர் எதையோ மறைத்திருக்கலாம். பிறகு விரல் மூட்டால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டியிருக்கும் இடத்தில் கெட்டியாக டொக்கென்று கேட்கும், பிரிந்த இடத்தில் வெற்று டப்பா போலப் பொள்ளென்று கேட்கும். சத்தம் மாறும் கோட்டை பென்சிலால் குறியுங்கள். கண்ணுக்குத் தெரிந்த உப்பலைவிட அது பெரிதாக இருப்பதுதான் வழக்கம்.

அடுத்து, ஊசி வைத்த ஈரம் பார்க்கும் மீட்டரை வண்டிக்குள்ளே, அலமாரியின் பின்பக்கம் போன்ற மறைவான இடத்தில் குத்திப் பாருங்கள். மரத்தில் 15 சதவீதத்துக்குக் கீழ் என்றால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் ஈரம் இருக்கிறது, மக்கத் தொடங்க அது போதும். ஊசிக்குப் பின்னால் அலுமினியம் பட்டால் மீட்டர் பொய்யாக உச்சத்தைக் காட்டும். ஆகவே ஒரே இடத்தில் பார்த்து முடிவு கட்டாமல் பத்து இடத்தில் பார்த்து ஒப்பிடுங்கள்.

வெயில் என்று விற்றவர் சொன்னதை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. அதற்கும் ஒரு வகை உண்டு, அதைக் கவனமாகப் பிரித்தறிய வேண்டும். அடர் நிறச் சுவர் உச்சி வெயிலில் கடுமையாகச் சூடேறும். பசை தொழிற்சாலையிலேயே சரியாகப் பிடிக்காமல் போயிருந்தால், உள்ளே அகப்பட்ட காற்று விரிந்து தகட்டைத் தள்ளும். அப்படிப்பட்ட உப்பல் மாலை மூன்று மணிக்குப் பெரிதாகவும், விடியற்காலையில் ஏறக்குறைய காணாமலும் இருக்கும். ஒரு வாரம், ஒரே இடத்தில் நின்று, இரண்டு வேளையும் படம் எடுங்கள். காலையிலும் மாலையிலும் ஒரே அளவு என்றால் வெயில் காரணமில்லை. அளவு மாறினாலும் உடனே நம்பிவிடாதீர்கள். ஈரத்தால் பிரிந்த சுவரிலும் காற்று புகுந்து இதே போல விரியும். மாறுகிறது, மீட்டரும் பத்து இடத்திலும் காய்ந்தே காட்டுகிறது, தட்டினால் சத்தம் அந்த வட்டத்துக்குள் மட்டும் மாறுகிறது, இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டுமே வெயில். சில புது வண்டிகளில் பிளைவுட்டுக்குப் பதில் மக்காத கலவைப் பலகை இருக்கும். அது தண்ணீரைக் குடிக்காது, ஆகவே சுவருக்குள் தண்ணீர் நின்றாலும் மீட்டர் காய்ந்ததாகக் காட்டக்கூடும்.

இனி பசை ஏற்றுபவர். அவர் மீட்டர் வைத்துப் பார்த்தாரா? எங்கே ஒழுகுகிறது என்று சொன்னாரா? இரண்டுக்கும் இல்லை என்றால் அவரை அனுப்பிவிடுங்கள். இப்படிப் பசை ஏற்றிய சுவர் ஒன்றை நான் பிரித்திருக்கிறேன். ஓட்டைகள் அழகாக அடைக்கப்பட்டு, பெயின்ட் கூடச் சரியாக இருந்தது. தகட்டை உரித்தபோது பசை ஃபைபர்கிளாஸைக் கெட்டியாகப் பிடித்திருந்தது, மறுபக்கம் அது பிடித்திருந்ததோ கறுத்து ஊறிய அட்டை போன்ற மரத்தை. விரலால் சுரண்டினாலே பிய்ந்து வந்தது. புண்ணுக்குப் புனுகு பூசிய வேலை. உரிமையாளர் இரண்டு முறை பணம் கொடுத்தார், முதல்முறை மூடுவதற்கு, அடுத்து திறப்பதற்கு. ஒழுகல் நின்று, சுவர் முழுக்கக் காய்ந்து, மரம் கெட்டியாக இருந்தால் மட்டும் பசை வேலை பலிக்கும். மரம் மக்கியிருந்தால் தகட்டை உரித்து மாற்றுவதுதான் வழி.

ஒழுகலைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் பீய்ச்சி நாள் கடத்த வேண்டாம். நல்ல பணிமனையில் கூரைத் துளையில் ஊதுகருவி வைத்து உள்ளே லேசாகக் காற்றழுத்தம் ஏற்றுவார்கள், வெளியே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். நுரை கிளம்பும் இடம் ஒழுகும் இடம். அங்கே பழைய அடைப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஜன்னல் சட்டத்துக்கோ மூலைப் பட்டைக்கோ அடியில் பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பிசுபிசுப்பான ரப்பர் நாடா) வைத்து மறுபடி இறுக்க வேண்டும். மேலே சிலிக்கோன் பசை இழுத்துவிடுகிறேன் என்பவரை ஏற்காதீர்கள். அது உரிந்து வந்துவிடும், அதன் மேல் அடுத்த பூச்சும் ஒட்டாது.

உத்தரவாதம் பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சீலன்ட்டை, அதாவது இணைப்புகளை அடைத்திருக்கும் பூச்சை, 90 நாளுக்கு ஒருமுறை பாருங்கள் என்று பல வண்டிக் கையேடுகளின் உள்பக்கத்தில் எழுதியிருக்கும். விற்கும்போது அதை யாரும் வாயால் சொல்வதில்லை, ஆனால் சுவர் உப்பியதும் 'பார்த்ததற்கு ஆதாரம் எங்கே' என்று முதல் கேள்வியாக அதுதான் வரும். எனக்கு இது ஆறாத கோபம். காப்பீடும் மெதுவாக ஊறிய சேதத்தைப் பெரும்பாலும் ஏற்காது. இருந்தாலும் இன்றே தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

பயணத்துக்கு வருகிறேன். உப்பலுக்கு நேர் கீழே, சுவரும் தரையும் சேரும் இடத்தைக் காலால் மிதித்துப் பாருங்கள். தரை அமுங்கினாலோ, கதவு முன்பு போல் மூடாமல் இடித்தாலோ, வெளியிலிருந்து கையால் தள்ளும்போது சுவரின் அடிப்பகுதி அசைந்தாலோ, வண்டியை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். அப்போது சட்டமே தளர்ந்திருக்கிறது. தரை கெட்டியாக இருந்தால் கூரை விளிம்பையும் ஜன்னல் மேல்பக்கத்தையும் தற்காலிகமாக அடைத்துவிட்டுப் போகலாம். உப்பல் முன்பக்க மூலையை எட்டியிருந்தால் மட்டும் வேண்டாம். வேகத்தில் காற்று அங்கே புகுந்தால் தகடு கிழிந்து வரும்.