குத்துவிளக்கை வெளிநாட்டுக்கு விக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, அப்பா நாச்சியார்கோவில்ல குத்துவிளக்கு பட்டறை வச்சிருக்கார், நானும் காலேஜ் முடிச்சிட்டு கூடவே இருக்கேன். இன்ஸ்டாகிராம்ல போட்டோ போட்டா கனடா, லண்டன்லேருந்தெல்லாம் விலை கேக்குறாங்க, சொன்னதும் ஆளக் காணோம். வெளிநாட்டு ஆர்டர் பிடிக்க என்ன பண்றது?

பதில்: தம்பி, டொரன்டோல இருக்கிற ஒரு அக்கா தன் பொண்ணு கல்யாணத்துக்கு விளக்கு வாங்கணும்னா அவங்களுக்கு உயரம் எத்தனை அங்குலம், எடை எத்தனை கிலோ, கெட்டி வார்ப்பா தகடா, வந்து சேர எவ்ளோ நாளாகும், வழியில அடிபட்டா யாரு பொறுப்பு, இவ்ளோவும் தெரியணும். வெறும் போட்டோவ நம்பி யாரு பணம் அனுப்புவா? அதனால சொந்தமா ஒரு பிளாக் ஆரம்பிங்க, பிளாகர்லயோ வேர்ட்பிரஸ்லயோ காசு செலவில்லாமலே ஆரம்பிக்கலாம். ரீல்ஸ் நாலு நாள் ஓடிட்டு அடியில போயிடும், பிளாக்ல விவரமா எழுதி வச்சா ரெண்டு வருஷம் கழிச்சு கூகுள்ல தேடுறவங்க கண்ணுலயும் படும். தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் எழுதுங்க, அங்க பொறந்து வளர்ந்த பிள்ளைங்க நிறைய பேருக்கு தமிழ் படிக்க வராது, ஆனா கார்டு தேய்க்கப் போறது அவங்கதான்.

என்னத்த எழுதுறதுன்னு யோசிக்கவே வேணாம். காவிரி வண்டல் மண்ணுல அச்சு எடுக்குறது, பித்தளைய உருக்கி ஊத்துறது, கடைசல் மிஷின்ல (லேத்) ஏத்தினதும் கரடு சுருள் சுருளா உரிஞ்சு உள்ளேருந்து மஞ்சள் பளிச்சுன்னு வர்றது, இதெல்லாம் செல்ஃபோன ஸ்டாண்டுல வச்சு வீடியோ எடுங்க, சினிமா பாட்டு வேணாம், கடைசல் சத்தமே போதும். அதவிட முக்கியம் பேக்கிங். அடிப்பாகம், தண்டு, தட்டு, மேல இருக்கிற அன்னம்னு ஒவ்வொண்ணா மரை கழட்டி தனித்தனியா சுத்தி வைக்கிறத காட்டுங்க, திரும்ப எப்படி மாட்டணும்னும் ஒரு வீடியோ போடுங்க. பெட்டி சின்னதானா செலவும் குறையும், ஏன்னா கூரியர்ல பொதுவா பெட்டியோட நீள அகல உயரத்த சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுத்து வர்ற கிலோவும் தராசு காட்டுற கிலோவும் பாத்து எது அதிகமோ அதுக்குத்தான் காசு வாங்குவாங்க.

பேப்பர் வேலைய ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. டிஜிஎஃப்டிங்கிற மத்திய அரசு வெளிநாட்டு வர்த்தக அலுவலகத்தோட வெப்சைட்ல ஐஇசிங்கிற ஏற்றுமதி இறக்குமதி நம்பர் எடுக்க 500 ரூபாதான், ஆனா மாற்றமே இல்லாட்டியும் வருஷா வருஷம் ஏப்ரல்லேருந்து ஜூனுக்குள்ள அப்டேட் பண்ணணும், இல்லாட்டி முடங்கிடும். ஜிஎஸ்டி இருந்தா எல்யுடிங்கிற உறுதிமொழிக் கடிதம் போட்டு வரி கட்டாம அனுப்பலாம். சின்ன பார்சலுக்கு தபால் துறையோட ஏற்றுமதி மையம், டாக் கர் நிர்யாத் கேந்திரா இருக்கு. அமெரிக்கால 800 டாலர் வரைக்கும் வரியில்லாம போன சலுகை 2025 ஆகஸ்ட் 29ஓட நின்னுபோச்சு, அங்க எவ்ளோ வரி, அத யாரு கட்டணும்னு விலை பக்கத்துலயே எழுதிடுங்க, பார்சல் போய் சேர்ந்தப்புறம் சண்டை வரக்கூடாது.

கேள்வி: சுவாமிமலைல செஞ்ச புது ஐம்பொன் சிலைய சிங்கப்பூருக்கு அனுப்பினா கஸ்டம்ஸ்ல பிடிப்பாங்களாமே?

பதில்: பழைய சிலையோன்னு சந்தேகம் வந்தா நிறுத்துவாங்க. 1972ஆம் வருஷ தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டின சிலைய தனியார் யாரும் ஏற்றுமதி பண்ணவே முடியாது. உங்க சிலை புதுசுதான்னு மத்திய தொல்லியல் துறைகிட்ட சான்றிதழ் வாங்கி கையில வச்சிட்டு அப்புறம் பார்சல் போடுங்க. மெழுகு உருவத்துலேருந்து வார்ப்பு வரைக்கும் தேதியோட போட்டோ எடுத்து பிளாக்ல போட்டு வைங்க, வாங்குறவங்களுக்கும் ஒரு தைரியம்.