கணவர் அடிக்கிறார், தாய் வீட்டுக்கு வந்துவிட்டேன். கிளிநொச்சியில் வழக்குப் போடலாமா?

போடலாம். இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்துக்குரிய நீதவான் நீதிமன்றமே போதும். விவாகரத்து கேட்க வேண்டியதில்லை. அடிப்பவர் அண்ணனோ தகப்பனோ என்றாலும் இதே வழிதான்.

பொலிஸில் "சமாதானமாய்ப் போங்கோ" என்று திருப்பி அனுப்புவது நடக்கிறதுதான். அதோடு நின்றுவிடாதீர்கள்: பாதுகாப்புக் கட்டளைக்கு, அதாவது அடிப்பவர் உங்களைத் துன்புறுத்தக்கூடாது என்ற நீதிமன்ற உத்தரவுக்கு, பொலிஸ் மூலமும் விண்ணப்பிக்கலாம், நீங்களே நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். ஆனாலும் முறைப்பாட்டைப் பதிந்து, அதன் இலக்கத்தை வாங்கி வையுங்கள். காயம் ஆறுமுன் அரச ஆஸ்பத்திரிக்குப் போய், யார் அடித்தது என்பதை டொக்டரிடம் சொல்லுங்கள். "விழுந்திட்டன்" என்று அங்கே எழுதப்பட்டால் பிறகு வழக்கில் அதுவே இடிக்கும்.

ஆபத்து அவசரமென்றால் நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை தரலாம். 14 நாளுக்குள் விசாரணை. பிறகு வரும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை, நீடிக்கவும் கேட்கலாம். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, 10,000 ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். கட்டளையின் பிரதி எப்போதும் கையில் இருக்கட்டும்.

சட்டத்தரணிக்குக் காசில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, உடனடி ஆபத்துக்கு 119.