மூளையைக் காக்க ஒரு ஊசி இருக்கா, டொக்டர்?

"அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து மூன்று கிழமை. கனடாவிலிருக்கும் அண்ணா மூளையைக் காக்குமாம் என்று சிட்டிக்கோலின் குளிசை அனுப்புகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?" (களுவாஞ்சிகுடி)

உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை, காசுக்குத்தான் கேடு. சுமார் 2300 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. சிட்டிக்கோலின் எடுத்தவர்களும் மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களும் ஒரேயளவில்தான் தேறினார்கள். அண்ணா அந்தக் காசையே அனுப்பட்டும். பிசியோதெரபிக்குப் போய்வர ஓட்டோவுக்கு உதவும்.

"பாரிசவாதத்தில் மூளையைக் காக்க எலியில் பலிக்கும் மருந்து மனிசரில் ஏன் பலிப்பதில்லை?" (உயர்தர மாணவி, அக்கரைப்பற்று)

நல்ல கேள்வி, மகள். மூளையில் இரத்தக் குழாய் அடைத்ததும், இரத்தம் போகாத இடத்தின் நடுப்பகுதி சில நிமிடங்களில் செத்துப்போகும். அதைச் சுற்றியுள்ள பகுதி சில மணிநேரம் குற்றுயிராகக் கிடக்கும். மூச்சுத்திணறும் கலங்கள் குளுட்டமேற்று என்ற இரசாயனத்தைக் கொட்ட, பக்கத்துக் கலங்களுக்குள் கல்சியம் வெள்ளமாய்ப் புகுந்து அவற்றையும் கொல்லும். இந்தச் சங்கிலியை அறுக்கத்தான் இத்தனை மருந்தும். ஆய்வுகூட எலி பெரும்பாலும் இளசு, வேறு வருத்தம் கிடையாது, மருந்தும் சுடச்சுட ஏறிவிடும். நம்மவருக்கோ பிறசர், சீனி எல்லாம் இருக்கும்; வந்து சேரவே நேரமாகும். சரி, உடனே கொடுத்துத்தான் பார்ப்போமே என்று லொஸ் ஏஞ்சல்ஸில் அம்புலன்சிலேயே அந்த மருந்துகளில் ஒன்றான மக்னீசியத்தை ஏற்றினார்கள். 1700 பேர். 2015இல் முடிவு வந்தது: பலனில்லை. வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கப் பசளையைக் கரைத்து விட்டால் வயலுக்குப் போய்ச் சேருமா? அதனால்தான் அடைப்பை எடுக்கும்போதே சேர்த்துக் கொடுக்கும் மருந்துகளைச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

"வாய் கோணினால் வீட்டிலேயே அஸ்பிரின் கொடுக்கலாமா?" (வாகரை)

வேண்டாம். அடைப்பா, இரத்தக் கசிவா என்று ஸ்கான் எடுக்காமல் எனக்கே தெரியாது. தண்ணீரும் பருக்க வேண்டாம், புரையேறும்.

"அப்ப என்னதான் செய்வது?" (கொக்கட்டிச்சோலை)

1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். அடைப்பு என்றால், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணிநேரத்துக்குள் போட வேண்டும். மண்முனைத் துறையில் பாதைக்கு (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவைக்கு) காத்திருந்த காலம் 2014இல் பாலம் திறந்ததோடு போய்விட்டது. இப்போது நேரத்தைத் தின்பது "விடியட்டும், பார்ப்போம்" என்ற பேச்சுத்தான். கணக்குத் தொடங்குவது ஆள் கடைசியாகச் சுகமாக இருந்த நேரத்திலிருந்து. ஒருமுறை படுவான்கரைப் பெடியன் ஒருவன் உள்ளங்கையில் நீலப் பேனையால் "8.40, சோறு சாப்பிட்டவர்" என்று எழுதிக்கொண்டு வந்தான். வியர்வையில் பாதி அழிந்திருந்தது, ஆனால் வாசிக்க முடிந்தது.